ராஜா வந்த வருடத்தைச் சாண் போட்டு அளந்தவன்

ஓய்வு பெற்ற மனிதனுக்கு ஒரு கிறுக்கு வேண்டும். நம் ஆட்களில் ஒருவர் மீன் பிடிக்கிறார், ஒருவர் மருமகளைத் திருத்துகிறார். நான் தலைவர்களின் பின்னால் போகிறேன். உயிரோடு இருக்கும் தலைவர்கள் பின்னால் அல்ல. அதற்குக் கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சட்டையும் கொடுக்கிறார்கள்.

இந்த அடிக்கல்லை நாட்டிய மந்திரி யார், பெயரில் பாதியை ஏன் சிமெண்டு பூசி மறைத்தார்கள்? பழைய படத்தில் நாடா வெட்டுகிறவர் ஏன் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்திருக்கிறார்? இப்படி, பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சோறு வேகிற கேள்விகள்தான் எனக்குப் பிடிக்கும். இடக்கை விஷயத்தை நானே கண்டுபிடித்தேன். படத்தைத் தலைகீழாக அல்ல, இடவலமாகத் திருப்பி அச்சடித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற அத்தனை பேரின் சட்டைப் பையும் வலப்பக்கம் இருந்தது. ஈப்போவில் நான் காலைக் கோப்பி குடிக்கும் கடையில் இதை நான் விளக்கிய அன்று, கடை முதலாளியான தவுக்கே எனக்கு ஒரு ரொட்டி இலவசமாகக் கொடுத்தார். என் வாயை அடைக்கத்தான் கொடுத்தார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

நம் பழைய ரப்பர் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் உங்களுக்கெல்லாம் இது தெரிந்த கதை. காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே நான் அனுப்பும் நீண்ட செய்திகளை யாரும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இதை மட்டும் படியுங்கள். இது என் முதல் பெரிய வழக்கு. அதற்குத் தோட்டமே எனக்குக் கைதட்டியது. உங்களில் பாதிப்பேர் அங்கே கைதட்டியவர்கள். அந்தக் கைதட்டலை இப்போது நான் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு மேலே ராஜா படம் மாட்டியிருந்த சட்டம் நினைவிருக்கிறதா? கறுப்புச் சட்டம், ஒரு மூலையில் பல்லி முட்டை. அந்தச் சட்டம் மட்டும் ஏன் புடைத்துக்கொண்டு நிற்கிறது என்பது எனக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே உறுத்தல். ஒருநாள் பெரிய வாத்தியார் கோப்பிக்குப் போன நேரம் மேசைமேல் நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றினேன். பின்னால் இருந்த அட்டையை எடுத்தால், முன்னால் சிரித்துக்கொண்டிருந்த ராஜாவுக்குப் பின்னால் இன்னொரு ராஜா. அவருக்குப் பின்னால் இன்னொருவர். எல்லாருக்கும் கடைசியில், ஈரம் பட்டுக் காது கரைந்த ஒரு வெள்ளைக்கார ராஜா. நம் பெரிய வாத்தியார் சிக்கனக்காரர். ஒவ்வொரு தடவையும் புதுச் சட்டம் கேட்டு மல்லுக்கட்டாமல், பழையவர் மேலேயே புதியவரை ஒட்டிவைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பழைய பசையும் பூச்சி அரித்த தாளும் கலந்த ஒரு வாசனை வந்தது. எனக்கு அதுதான் சரித்திரத்தின் வாசனை.

நாலு ராஜாக்களையும் பெஞ்சின்மேல் வரிசையாகப் பரப்பி வைத்து ரசித்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் வந்துவிட்டார். ரோத்தான் பிரம்பு ராஜாவுக்கு ஒன்றாக நாலு விழுந்தது. ஆனால் அன்றிலிருந்து தோட்டத்தில் எனக்கு ஒரு பெயர் வந்தது. "ராஜாவ வரிசையா சொல்லுவான்லா இவன்" என்பார்கள். நானும் சொல்லுவேன், காது கரைந்தவரிலிருந்து ஆரம்பித்து.

அந்தப் பெயர்தான் வினை.

எனக்குப் பத்து வயது நடந்த அந்த வருடம், இலையுதிர் காலம் முடிந்து ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விட்டிருந்த நேரம், ஒரு செய்தி வந்தது. பேராக் ராஜா கோலகங்சாரிலிருந்து ஏதோ ஒரு பாலம் திறக்கப் போகிறார், நம் தோட்டத்துச் சாலை வழியாகத்தான் கார் போகும், தோட்ட ஆபீஸ் முன்னால் ஒரு நிமிடம் நிற்கும். துரை ஓர் உத்தரவு போட்டார். ஆபீஸ் சுவரில் ஒரு படம் தொங்குகிறது அல்லவா, முன்னொரு தடவை ராஜாவுக்கு ஒரு சின்னப் பெண் மாலை போடும் படம்? அதே பெண்ணே இந்தத் தடவையும் மாலை போடட்டும், ராஜா சந்தோஷப்படுவார்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பெண் நான்தான் என்று சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவர் கிராணியின் தங்கை. கிராணி என்றால் ஆபீஸ் கணக்குப்பிள்ளை, துரைக்கு அடுத்த துரை. அவருடைய தங்கை ஈப்போவில் கான்வென்ட் பள்ளியில் மேல்வகுப்புப் படித்துக்கொண்டிருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் அது அண்ணனோடு தோட்டத்தில் தங்கியிருந்தபோது ராஜா வந்தார், மாலை போட்டது. அன்று ஆட்கள் எல்லாரும் ரப்பர் காட்டில் மரப்பால் வெட்டிக்கொண்டிருந்ததால் நேரில் பார்த்தவர்கள் குறைவு. ஆனாலும் ராஜா வந்துபோனது எல்லாருக்கும் தெரியும்.

இன்னொருவர் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை. சொந்த அத்தை இல்லை. லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே ஒரு பலகைச் சுவர் தள்ளி இருந்தால் அத்தைதான். அவர் பிறந்தது இந்தத் தோட்டத்தில். கல்யாணமாகி பாகான் டத்தோ பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக்குப் போனார். பல வருடம் கழித்து மாமாவோடு திரும்பி வந்தபோது, தோட்டம் கைமாறி, பழைய ஆட்கள் நாலாபக்கமும் சிதறிப்போயிருந்தார்கள். அத்தையின் அப்பா அம்மாவும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் குடும்பம் உட்பட இருந்தவர்கள் எல்லாம் புதுசு. அவர் சின்னப் பிள்ளையாய் இருந்ததைப் பார்த்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

அத்தை துணி துவைக்கும்போது இந்தக் கதையைச் சொல்லுவார். ராஜா வந்த கார் தண்ணீர் கொதித்து நம் ஆபீஸ் முன்னால் நின்றுவிட்டதாம். பெரியவர்கள் எல்லாம் காட்டில். பிள்ளை பார்க்கும் கொட்டகையில் இருந்த ஆயா, வேலியில் கிடந்த செம்பருத்தியைப் பறித்து அவசரத்துக்கு வாழைநாரில் கட்டி, இருந்த பிள்ளைகளில் உயரமானதைப் பிடித்துத் தள்ளினாராம். அந்த உயரமானதுதான் அத்தை. கதை நன்றாக இருக்கும். ஆனால் கேட்டவர்கள் துணியைப் பிழிந்துகொண்டே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கிராணி தங்கை கதையை யாரோ சொல்லக் கேட்டு, இந்தம்மா தன் கதையாக்கிக்கொண்டது என்று நினைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் அத்தைக்கு 'ராஜாத்தி' என்று பெயர்.

உத்தரவு வந்த அன்று குழாயடியில் ஒரு அக்கா கேட்டே விட்டார்.

"என்ன ராஜாத்தி, மாலைக்குப் பூ பறிச்சாச்சா?"

"படத்துல இருக்கறது நான்தான்லா. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"நீ அந்தப் படத்தப் பாத்திருக்கியா மொதல்ல?"

அத்தை குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பார்த்ததில்லை. பால்வெட்டுகிறவர்கள் யாரும் பார்த்ததில்லை. சம்பளமானாலும் சண்டையானாலும் ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். படமோ உள்ளே, கிராணியின் தலைக்கு மேலே, சன்னலைப் பார்க்காத சுவரில் தொங்கியது.

அன்று சாயங்காலம் அத்தை எனக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தார். தேங்காய் துருவிப் போட்டிருந்தது. லஞ்சம் என்று எனக்குப் புரிந்தது. லஞ்சம் என்றாலும் சுடச்சுட இருந்தது.

"நீ கெட்டிக்காரன்டா. ராஜாவ எல்லாம் வரிசையா சொல்ற. நீ போய் அந்தப் படத்தப் பாத்து, எப்ப எடுத்ததுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. நீ சொன்னா இவங்க நம்புவாங்க."

"நீங்கதான்னு கண்டுபிடிச்சா போதுமா அத்தை?"

"நெசத்தக் கண்டுபிடி. அதுவே நானாத்தான் இருக்கும்."

வாய் நிறையக் கிழங்கோடு நான் ஒரு போலீஸ் அதிகாரி மாதிரி தலையாட்டினேன்.

கிராணி என்னை விரட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் விரட்டவில்லை. "பாரு, நல்லா பாரு. பாத்துட்டு வெளிய போய் சொல்லு" என்று, படத்தை ஆணியிலிருந்து கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். இன்றைக்கு நினைத்தால் அந்த மனிதர் துளிகூட ஏமாற்றவில்லை. தங்கை மாலை போட்ட பிறகு துரை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டச் சொன்ன படம் அது, தன் தங்கைதான் என்று உண்மையாகவே நம்பினார்.

கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் ஒரு குடை. மஞ்சள் குடை என்று தோட்டமே சொல்லும், படத்தில் சாம்பல். அந்தக் குடை முன்னால் சாய்ந்து ராஜாவின் முகத்தை முழுக்க மறைத்திருந்தது. கீழே வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் காலணியும் மட்டும். குடைக்கு எதிரே ஒரு சின்னப் பெண், நமக்கு முதுகு காட்டி, இரட்டைச் சடை போட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு. ராஜாவுக்கும் முகமில்லை, பிள்ளைக்கும் முகமில்லை. படமெடுத்தவர் குடையைத்தான் ஆசைப்பட்டு எடுத்திருக்கிறார். பின்னால் தேதி இல்லை, ஒரு கோப்பிக் கறைதான் இருந்தது.

வேறொருவனாக இருந்தால் திரும்பி வந்திருப்பான். எனக்கு மட்டும், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற மரம் கண்ணில் பட்டது. ஆபீஸ் வாசலில் நிற்கும் ரப்பர் மரம், வெள்ளைச் சாயத்தில் ஒன்றாம் நம்பர் எழுதியது. அதன் பட்டையில் சாய்வாக ஒரு வெட்டு, அந்தப் பெண்ணின் தோள் உயரத்துக்கு.

எனக்குப் புல்லரித்தது. ஏன் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பால் வெட்டும்போது ஒவ்வொரு தடவையும் வெட்டின் கீழ் ஓரத்தில் பட்டையை மெலிசாகச் சீவுவார்கள். அதனால் வெட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே வரும். அப்படியானால் மரத்தின் உடம்பே ஒரு நாள்காட்டி. வெட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தால், படம் எடுத்து எத்தனை வருடமானது என்று சொல்லிவிடலாம்.

நேராக அப்பாவிடம் ஓடினேன். அவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு வருசத்துக்கு வெட்டு எவ்வளவு எறங்கும்?"

"ஒரு சாண் வரும். ஏன்?"

"பெரியவங்க சாணா, என் சாணா?"

"ஓன் சாண வச்சு எவன்டா கணக்குப் பண்ணுவான். என் சாண்."

அவர் கையை நீட்டச் சொல்லி, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஒரு நீளச் சணல் கயிற்றை வைத்து, சாணுக்கு ஒன்றாக முடிச்சுகள் போட்டேன். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டார், "டேய், எந்தச் சுத்துக்கு அளக்கப் போற?" என்று. கேள்வி கேட்பது துப்பறிகிறவனின் வேலை, அப்பாவின் வேலை அல்ல என்ற நினைப்பில் நான் ஓடிவிட்டேன்.

என் கூட்டாளி ஒருவன் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தான். பிற்காலத்தில் எனக்கு மச்சானே ஆகிவிட்டவன். இப்போதும் குழுவில் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டுகிறவன். ஒன்றாம் நம்பர் மரத்தில் அன்றைய வெட்டு என் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தது. பால் உறைந்து ரப்பராகிக் கோட்டில் ஒட்டியிருந்தது, புளித்த வாடை. கயிற்றை மேல்நோக்கி வைத்துக்கொண்டே போனோம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்தாவது முடிச்சு என் தோளில் வந்து நின்றது.

"நீ இப்ப மாலை போடற மாதிரி நிக்கற" என்றான் கூட்டாளி.

படத்தில் இருக்கும் பெண்ணும் என் உயரம்தான். வெட்டு அவள் தோளில். ஐந்து சாண், ஐந்து வருடம். ஐந்து வருடத்துக்கு முன் தோட்டத்தில் இருந்த பிள்ளை கிராணியின் தங்கை. அத்தையோ அப்போது கல்யாணமாகி, பாகான் டத்தோவில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் நான் ஒரு நிமிடம் நின்றிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வருத்தம் வரவில்லை. கணக்கு அவ்வளவு அழகாக ஒட்டிக்கொண்டதில் எனக்குக் கிறுகிறுத்துப் போயிற்று. கிழங்கு கொடுத்தவருக்கு எதிராகவே தீர்ப்பு வருகிறதென்றால் நான் எப்பேர்ப்பட்ட நேர்மையான அதிகாரி என்று வேறு தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகையில் மண்டோர் கூட்டம் போட்டார். அவர்தான் ஆட்களை மேய்க்கிற மேஸ்திரி. "நான் இங்க வந்து ஏழு வருசம். நான் வந்தப்புறம் ராஜா வந்தது ஒரே ஒரு தடவ" என்று தொடங்கினார். அத்தை பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், தலைக்குக் குளித்து, ஊதாப்பூப் போட்ட சேலையில். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

நான் எழுந்து நின்று கயிற்றைப் பிடித்துக் காட்டி, வெட்டு, சாண், தோள், ஐந்து வருடம் என்று ஒன்றையும் விடாமல் விளக்கினேன். "அதுனால படத்துல இருக்கறது கிராணி ஐயா தங்கச்சிதான். அத்தை இல்ல."

முதலில் கிராணி கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். "பயலுக்கு மண்டைய பாத்தியா" என்றார் மண்டோர். கைதட்டாதவர்கள் இருவர். என் அப்பா, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏதோ யோசனையில் இருந்தார். ஆபீஸ் படத்தை அவரும் பார்த்ததில்லை.

இன்னொருவர் அத்தை. அவர் என்னிடம் வந்து கயிற்றை வாங்கி, முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லா அளந்தியா?"

"ரெண்டு தடவ அளந்தேன் அத்தை."

"அப்படியா" என்றார். கயிற்றை என் கையில் திருப்பி வைத்தார். "அப்ப சரி."

ராஜா வந்த நாள் பெரிய ஏமாற்றம். மழை கொட்டியது. கார் நின்றது, சன்னல் ஒரு சாண் இறங்கியது, கிராணியின் தங்கை நனைந்துகொண்டே நீட்டிய மாலையை முன் இருக்கையில் இருந்த அதிகாரி ஒருவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், கார் போய்விட்டது. ராஜாவின் கை அசைந்ததைப் பார்த்ததாகச் சிலர் இன்றுவரை சொல்கிறீர்கள். அது மழை துடைக்கும் குச்சி.

அத்தை அன்று வரவில்லை. அதன் பிறகு துணி துவைக்கும்போது அந்தக் கதையைச் சொல்லவும் இல்லை. 'ராஜாத்தி' என்ற பெயர் கொஞ்ச நாள் ஓடித் தானாகவே தேய்ந்துவிட்டது. என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. கிழங்கு அவித்தால் பலகைச் சுவரைத் தட்டுவார், நான் போய்ச் சாப்பிடுவேன். எனக்கும் வெட்கமே இல்லை.

பிறகு தோட்டம் போயிற்று, மரங்கள் போயின, அந்த இடத்தில் பாமாயில் தரும் செம்பனை வந்தது, ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது லாரி கழுவுகிறார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் நம் குழுவில் புதிதாகச் சேர்ந்தாரே காம்பாரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை, அவர்தான் கிராணியின் தங்கை. அண்ணன் இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைக் குடைந்தபோது கிடைத்தது என்று அந்தப் படத்தை அனுப்பினார். "நான் ராஜாவுக்கு மாலை போட்ட படம்" என்று எழுதியிருந்தார். நீங்களெல்லாம் பூவும் கும்பிடும் போட்டீர்கள்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குடையைப் பார்த்தேன், காலணியைப் பார்த்தேன், பிறகு மரத்துக்கு வந்தேன். என் பழைய வெற்றியை ஒருமுறை ரசித்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

வெட்டுக்குக் கீழே பட்டை மொழுமொழுவென்று இருந்தது.

கைப்பேசியை வைத்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டேன். அவன் பதினெட்டு வருடம் பால் வெட்டியவன்.

"மச்சான், அந்தப் படத்துல மரத்தப் பாரு. வெட்டுக்குக் கீழ பட்ட எப்படி இருக்கு?"

"இரு, கண்ணாடி போட்டுக்கறேன்." எங்கோ மேசை இழுப்பறை திறந்து மூடியது. "இது மொத வெட்டுலா. கன்னு வளந்து மொத மொத கத்தி வச்ச மரம். ஒருக்கா வெட்டி ஆறுன பட்டன்னா கட்டி கட்டியா முண்டிக்கிட்டு இருக்குமே. இதுல ஒரு தழும்பு இல்ல."

"நாம அளந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"நாம அளந்தப்பவா?" என்றான். "ஐயோ. அது ரெண்டாஞ் சுத்துல்ல. பட்டையெல்லாம் முண்டு முண்டா இருந்துச்சே, கயிறு ஒழுங்கா நிக்கல. நான்தானே புடிச்சேன்."

பேரப்பிள்ளைகளே, உங்களுக்கு நான் முன்பு பாதிதான் சொன்னேன், ஏனென்றால் எனக்கே அன்று பாதிதான் ஞாபகம் இருந்தது. வெட்டு ஒரு பக்கம் தரைவரை இறங்கிவிட்டால் மரத்தின் மறுபக்கத்தில் மேலேயிருந்து தொடங்குவார்கள். அதுவும் தரைக்கு வந்து சேர்வதற்குள் முதல் பக்கம் ஆறிப் புதுப்பட்டை வந்திருக்கும். மறுபடியும் அங்கேயே, மேலேயிருந்து. ஒரு சுற்று முடியப் பத்துப் பன்னிரண்டு வருடம். ஆகவே அதே மரத்தில், அதே பக்கத்தில், அதே தோள் உயரத்தில், வெட்டு இரண்டு தடவை வந்து நிற்கும். எந்தச் சுற்று என்று கேட்காமல் அளப்பவன், மணியைப் பார்த்துவிட்டுப் பகலா இரவா என்று பார்க்காதவன். லயத்தில் பிறந்து வளர்ந்து, தினமும் மரத்துக்கு நடுவே நடந்து, எனக்கு அது தெரியும். தெரிந்தும் கணக்கு அழகாய் இருந்ததால் அதைத் தூக்கி எறிந்துவிட்டேன். படத்தை மூக்குக்கு நேரே வைத்திருந்தும் பட்டையைப் பார்க்கவில்லை, உயரத்தை மட்டும் பார்த்தேன். பட்டையைப் பார்க்கத் தெரிந்த இருநூறு ஜோடிக் கண்கள் அந்தத் தோட்டத்தில் இருந்தன. ஒன்றுகூட அந்த ஆபீசுக்குள் போனதில்லை.

காம்பார் ஆசிரியையைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். வாத்தியாரம்மா ஆயிற்றே, பயம்தான்.

"தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டுமா. நான் மாலை போட்டப்ப ஸ்கூல் யூனிபார்ம் போட்டிருந்தேன். எனக்கு அப்ப தலையில பொடுகு, முடிய ஒட்ட வெட்டிட்டாங்க. படத்துல ரெட்டச் சட இருக்கு. அண்ணன் இது நீதான்னு சொன்னாரு. சரி, நமக்குத்தான் ஞாபகம் தப்புன்னு இருந்துட்டேன்."

அப்படியானால் ராஜா இரண்டு தடவை வந்திருக்கிறார். இரண்டு ராஜாக்கள், இரண்டு பிள்ளைகள், இரண்டு மாலை. படம் மட்டும் ஒன்று. இரண்டு பேரும் நிஜம் சொன்னார்கள் என்ற சாத்தியம், அன்று கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஒருவர் தலையிலும் உதிக்கவில்லை, பள்ளிக்கூடச் சட்டத்தைக் கழற்றி ஒரு ராஜாவுக்குப் பின்னால் இன்னொரு ராஜாவைக் கண்டுபிடித்த மேதை உட்பட.

அத்தை இப்போது சுங்கை சிப்புட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். முழங்கால் சரியில்லை, காது நன்றாகக் கேட்கிறது. படத்தைப் பெரிதாக அச்செடுத்து எடுத்துக்கொண்டு போனேன். வழி நெடுக மன்னிப்புக்கு வசனம் தயார் செய்தேன். மூன்று பத்தி வந்தது.

கூடத்தில் பேத்தி கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை படத்தை வாங்கித் தூரமாகப் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். எடுத்து எழுபது வருடமான அந்தப் படத்தை அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார். கை மரத்தின்மேல் போய் நின்றது.

"மொத பட்டடா இது."

"ஆமா அத்தை."

"நீ அளந்தது?"

"தப்பா அளந்துட்டேன் அத்தை. ஒரு சுத்து விட்டுட்டேன். அது நீங்கதான். அன்னைக்கு நான்..."

மூன்று பத்தியில் அதற்குமேல் வரவில்லை. அத்தை படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நெசமாவே நான் போட்டேனா?"

எனக்குப் புரியவில்லை. "நீங்கதானே அத்தை சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"சொன்னேன். அப்புறம் நீ கயிறெல்லாம் வச்சு அளந்து சொன்னியே. நீ கெட்டிக்காரன், பொய் சொல்ல மாட்ட. அப்ப நான்தான் எங்கயோ கேட்டத எனக்கு நடந்ததா நெனச்சுக்கிட்டேன்னு இருந்துட்டேன். சின்னதுல காய்ச்சல் வந்துச்சு எனக்கு, அதுல கண்ட கனாவோன்னுகூட நெனச்சேன்." அவர் சிரித்தார். "பைத்தியக்காரி மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோமேன்னு வெக்கமா இருக்கும்டா. ஓன் மாமாகிட்டகூட அப்புறம் நான் அதப் பேசல."

நான் அவரிடமிருந்து ஒரு மாலையைத்தான் பிடுங்கினேன் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அந்தப் பெண்ணின் இரட்டைச் சடையை விரலால் தொட்டார். பிறகு வேலியைத் தேடினார். படத்தில் வேலி இல்லை.

"செம்பருத்திதான்" என்றார், யாரிடமோ கேட்டு உறுதி செய்துகொண்டது போல. "செம்பருத்திதான். எறும்பு இருந்துச்சு அதுல. கட்டெறும்பு. ஆயா ஒதற மறந்துட்டா." பேத்தி பக்கம் திரும்பினார். "இந்தா பிள்ள, இங்க வா. இந்தக் கொடைக்குள்ள யாரு இருக்கா தெரியுமா?"

"யாரு பாட்டி?"

"ராஜா. நான் மாலையப் போட்டேன், எறும்பு அவரு கழுத்துல ஏறுது. நான் பாத்துட்டேன், அவரும் நான் பாத்தத பாத்துட்டாரு."

பேத்தி கைப்பேசியைக் கீழே வைத்தாள். "அப்புறம்?"

அவள் என் முகத்தையும் பார்த்தாள், நானும் ஏதாவது சொல்லுவேன் என்பது போல. எனக்கு ஒன்றும் தெரியாது. நான் அங்கே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.